நாங்குநேரிச் சாமி பேரு

1

நான் படித்த பாளையங்கோட்டைப் பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியர் ஐயா எனக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறார். நான் பினாங்குக்கு வந்து பத்து வருஷம் நிறைந்துவிட்டதை யாரோ அவர் காதில் போட்டிருக்கிறார்கள். பள்ளிக்கூடத்துப் பத்திரிகைக்கு ஒரு கட்டுரை வேண்டுமாம். தலைப்பையும் அவரே கொடுத்துவிட்டார்: அந்நிய பாஷை கற்பதால் வாழ்விலும் உத்தியோகத்திலும் திறக்கும் கதவுகள். 'உம்மைப் போல முன்னுக்கு வந்தவர்கள் எழுதினால்தான் பையன்களுக்கு ரோஷம் வரும்' என்று கடைசியில் ஒரு வரி வேறு.

ஐயா, ரோஷம் எனக்குத்தான் வந்திருக்கிறது. ஆனால் நீங்கள் எதிர்பார்த்த ரோஷம் இல்லை.

கதவுகள் திறந்தது உண்மை. மறுக்கவில்லை. என் அண்ணன் இங்கிலீஷில் தேறவில்லை, ஊரில் வயல் பார்த்துக்கொண்டு இருக்கிறான். நான் தேறினேன், நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறும்போதே மற்றவர்கள் கீழ்த்தட்டில் நெருக்கியடித்துக் கிடக்க எனக்கு மேலே இடம் கிடைத்தது. இறங்கிய மூன்றாம் மாதம் துறைமுகத்துக் குடியேற்ற ஆபீசில் மொழிபெயர்ப்பாளன் உத்தியோகம். கோட்டு, நாற்காலி, குழாய்த் தண்ணீர் வரும் வீடு. துரை என்னை 'மிஸ்டர்' போட்டுக் கூப்பிடுகிறார். இதைக் கேட்டு என் தகப்பனார் கண்ணீர் விட்டார்.

ஆனால் திறந்த கதவுக்குள் போனவன் உள்ளே உட்கார்ந்து என்ன செய்தான் என்று ஒருவரும் கேட்பதில்லை. நீங்களும் கேட்கவில்லை. கேட்காவிட்டாலும் சொல்லப் போகிறேன். ஒரு எழுத்தையும் வெட்டாமல் அச்சில் போடுங்கள். வெட்டுவதாக இருந்தால் இந்தக் காகிதத்தை அடுப்பில் போட்டுவிடுங்கள்.

2

என் வேலை இதுதான். கப்பல் வந்ததும் ஆட்கள் வரிசையாக வருவார்கள். துரை மேஜைக்குப் பின்னால் ரிஜிஸ்தரைத் திறந்து வைத்திருப்பார். நான் பக்கத்தில் நின்று கேட்பேன்: பெயர், தகப்பன் பெயர், ஜில்லா, பெண்ணாக இருந்தால் புருஷன் பெயர். துரை எழுதுவார். எழுதின பெயரை வைத்துத்தான் ஆள் எந்தத் தோட்டத்துக்குப் போகவேண்டும் என்பது முடிவாகும்.

நம் ஊர்ப் பெண்கள் புருஷன் பெயரைச் சொல்லமாட்டார்கள் என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. துரைக்கு அது பெரிய எரிச்சல். எனக்கு அது பழகிப்போன விளையாட்டு. 'திருச்செந்தூர்ச் சாமி பேரு' என்பாள் ஒருத்தி, முருகன் என்று எழுதச் சொல்வேன். 'செவ்வாய்க்கு அடுத்த கிழமை' என்பாள் இன்னொருத்தி, புதன் என்பேன். ஒன்றும் பிடிபடாவிட்டால் கூட வந்த ஊர்க்காரன் யாராவது பெயரை எடுத்துக் கொடுத்துவிடுவான். அந்த வழக்கம் இருந்ததால் ஆபீஸ் ஓடியது.

போன வருஷம் மழைக்காலத்தில் வந்த கப்பல் ஒன்றில் பாதிப்பேருக்குக் காய்ச்சல். அவர்களைத் தனியே நோய்த்தடுப்பு முகாமுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். மீதி வரிசையில் ஒரு பெண் தனியாக வந்தாள். இருபது வயசு இருக்கும். பெயர் பேச்சி. முன்னாலேயே தோட்டத்துக்கு வந்துவிட்ட புருஷனிடம் போகவேண்டும் என்றாள். அவள் ஊர்க்காரர்கள் எல்லாரும் முகாமில்.

"புருஷன் பேரு என்ன?"

குனிந்துகொண்டாள்.

"உன்னைத்தான் கேக்கேன். துரைக்கு நேரமாவுது."

"அதெப்படிய்யா நான் சொல்லுவேன்? நாங்குநேரிச் சாமி பேருதான் அவுகளுக்கு."

"எந்தத் தோட்டம்?"

"பாலத்தடித் தோட்டம்னு கடுதாசில வந்துது."

அது நம் ஆட்கள் தங்களுக்குள் வைத்துக்கொள்ளும் பெயர். ரிஜிஸ்தரில் தோட்டங்களுக்கு இங்கிலீஷ் பெயர்தான் உண்டு. ஆகவே புருஷன் பெயர் ஒன்றுதான் வழி. துரை பேனாவால் மேஜையைத் தட்டினார். நான் யோசித்தது எவ்வளவு நேரம்? இரண்டு மூச்சு விடும் நேரம். நாங்குநேரியில் இருப்பது பெருமாள் கோயில். அது எனக்குத் தெரியும். "பெருமாள்" என்றேன். துரை எழுதினார். பெண்டாட்டியை அழைத்துவர மனுப் போட்டிருந்த பெருமாள் ஒருவன் கடலுக்கு அக்கரையில் ஒரு கரும்புத் தோட்டத்தில் இருந்தான். அந்தத் தோட்டத்துப் பேரில் பேச்சியின் பெருவிரலை மையில் தோய்த்து வைத்தேன். அவள் ஊர் என்ன, அந்தப் பெருமாள் எந்த ஊர் என்று நான் பார்க்கக்கூட இல்லை. ரிஜிஸ்தரின் ஊர்க் கட்டத்தில் 'திருநெல்வேலி' என்று ஜில்லாவை மட்டும் எழுதினால் போதும்.

அவள் என்னைக் கும்பிட்டுவிட்டுத் தோணி ஏறினாள். புருஷனிடம் போகிறோம் என்ற சந்தோஷம் முகத்தில் நன்றாகவே தெரிந்தது.

3

ஒரு மாதம் கழித்து ஒரு ஆள் வந்தான். பேராக் பக்கத்துத் தோட்டம். லீவுச் சீட்டு வாங்கிக்கொண்டு வந்திருந்தான்.

"அய்யா, எம் பெண்டாட்டி கப்பல் ஏறிட்டதா எங்கய்யா கடுதாசி போட்டிருக்காவ. இன்னும் வந்து சேரலியே."

"உன் பேரு?"

"வானமாமலை."

நான் ரிஜிஸ்தரைப் புரட்டினேன். வானமாமலை பெண்டாட்டி என்று ஒருத்தியும் இல்லை. அவள் பெயரைக் கேட்டேன். பேச்சி என்றான். பேச்சி என்ற பெயரில் ஒரு கப்பலுக்கு நாலுபேர் வருவார்கள்.

"ஒரு பேச்சி வந்திருக்கா. ஆனா அது பெருமாள் பெண்டாட்டி."

"அப்ப அது வேற ஆளுய்யா" என்று அவனே சொல்லிவிட்டான். "அது யாரு வீட்டுப் பிள்ளையோ."

மூன்று தடவை வந்தான். மூன்றாவது தடவை எனக்குக் கோபம் வந்து, "உம் பெண்டாட்டி வரலைன்னு எத்தனை வாட்டி சொல்லுதது?" என்று எரிந்து விழுந்தேன். அவன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பைய நடந்து போனான். அதன் பிறகு வரவில்லை.

4

இங்கே என் வீட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். என் மகள் எஸ்தருக்கு ஒன்பது வயசு. பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ், தெருவில் மலாய். தமிழில் அவளுக்குத் தெரிந்தது ஜெபமும் சாப்பாட்டுச் சாமான்களின் பெயரும்தான். ஊரிலிருந்து அத்தை எழுதும் கடிதத்தை அவள் கையில் கொடுத்தால் தலைகீழாகப் பிடிக்கிறாள். நான் தாமிரபரணியில் நீச்சல் அடித்ததைச் சொன்னால், "அங்கே குழாய் இல்லையா அப்பா?" என்று இங்கிலீஷில் கேட்கிறாள். இதையும் உங்கள் கதவுகளின் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

என் மனைவி ஞானம் அப்படி இல்லை. அவளுக்கு இங்கிலீஷ் ஒரு எழுத்தும் தெரியாது. வந்த புதிதில் மீன் வாங்கப் போய் விரலைக் காட்டி விரலைக் காட்டிப் பார்த்தாள். ஒரு வருஷத்தில் மீன்காரியின் மகள் கல்யாணத்துக்கு இவளைக் கூப்பிடும் அளவுக்கு மலாய் பேசினாள். நான் வெட்கப்பட்டேன், அதைச் சொல்லிவிடுகிறேன். கடைத்தெருப் பாஷை, உத்தியோகஸ்தன் பெண்டாட்டி பேசலாமா என்று கடிந்துகொண்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து ஆபீஸ் சிநேகிதர்கள் இரண்டுபேர் வீட்டில் சாப்பிட்டார்கள். பேச்சு எங்கெங்கோ போய், புருஷன் பெயர் சொல்லாத பெண்களில் வந்து நின்றது. எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. செவ்வாய்க்கு அடுத்த கிழமையைச் சொன்னேன். திருச்செந்தூரைச் சொன்னேன். "ஒருத்தி நாங்குநேரிச் சாமி பேருன்னா. அப்படியே பெருமாள்னு ஒரு போடு போட்டேன் பாருங்க" என்றேன். இருவரும் சிரித்தார்கள்.

ஞானம் குழம்புச் சட்டியோடு வாசல்படியில் நின்றுகொண்டிருந்தாள். அவள் தாய்வீடு ஏர்வாடியில்.

"நாங்குநேரிச் சாமி வானமாமலைல்லா?" என்றாள். "எங்க தெருவிலேயே ஏழெட்டு வானமாமலை உண்டுமே. உங்களுக்கு இது தெரியாதா?"

சிநேகிதர்கள் சிரித்துக்கொண்டே இருந்தார்கள். துண்டை உதறிப் போட்டுக்கொண்டு போன அந்த ஆளின் முதுகுதான் கண்ணுக்குள் நின்றது.

ஏன் தெரியவில்லை என்று என்னையே நூறு தடவை கேட்டுவிட்டேன். சின்ன வயசில் நாகர்கோவிலுக்கு வண்டியில் போகும்போது நாங்குநேரிக் கோபுரம் தெரிந்ததும் என் தகப்பனார், "தலையைக் குனிங்கலே, ஜெபம் பண்ணுங்க" என்பார். நாங்களும் குனிந்துகொள்வோம். நிமிரும்போது ஊர் பின்னால் போயிருக்கும். இது எங்கள் கிறிஸ்தவ வேதத்தின் குற்றமில்லை. அதே வேதக்காரிதான் ஞானமும். அவள் தெருவில் விளையாடினாள், அக்கம்பக்கத்தாரிடம் பேசினாள். நான் பெஞ்சில் உட்கார்ந்து இங்கிலாந்து தேசத்து நதிகளை வடக்கிலிருந்து தெற்காக ஒப்பித்தேன். இன்றைக்கும் தடங்காமல் ஒப்பிப்பேன் ஐயா. நீங்கள்தான் பிரம்பு வைத்துக்கொண்டு சொல்லிக் கொடுத்தீர்கள். ஒரு நாள் நடைத் தூரத்தில் இருக்கிற ஜனங்கள் பிள்ளைகளுக்கு என்ன பெயர் வைக்கிறார்கள் என்று நீங்களும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

5

மறுநாளே நான் துரையிடம் ஓடியிருப்பேன் என்று நினைக்கிறீர்களா? நாலு மாதம் வாயைத் திறக்கவில்லை.

தலைமை மொழிபெயர்ப்பாளர் இடம் காலியாக இருந்தது. என் பெயர் மேலே போயிருந்தது. இந்த நேரத்தில் என் தப்பை நானே எடுத்துக் காட்டுவதா? அந்தப் பேச்சி வேறு யாராகவும் இருக்கலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பெருமாளும் அவளுக்குச் சரியான புருஷனாக இருக்கலாமே என்றும் சொல்லிக்கொண்டேன். இவ்வளவு கேவலமாக ஒரு மனுஷன் தன்னிடமே பேசிக்கொள்ள முடியும் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

ஞானம் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் சும்மாவும் இருக்கவில்லை. மீன்காரியிடம் சொல்லியிருக்கிறாள். மீன்காரியின் அண்ணன் அக்கரைத் தோட்டங்களுக்குக் கருவாடு கொண்டுபோகிற தோணிக்காரன். அவன் தோட்டம் தோட்டமாக விசாரித்திருக்கிறான். ஒரு நாள் நான் ஆபீசுக்குக் கோட்டு மாட்டிக்கொண்டிருக்கும்போது ஞானம் வந்து எதிரே நின்றாள்.

"அந்தப் பிள்ளை உசுரோட இருக்கு. கரும்பு வெட்டுது. பெருமாள்ங்கவரு சேலத்துப் பக்கத்துக் கிழவராம். 'எம் பெண்டாட்டி இது இல்ல, எனக்கு மக மாதிரி'ன்னு அன்னைக்கே அவரு சொல்லியிருக்காரு. தோட்டத்துல கணக்கெழுதுத கிராணி காயிதத்தைக் காட்டி, 'இதுல இருக்கதுதான் புருஷன், நீங்க ரெண்டுபேரும் பொய் சொல்லுதிய'ன்னுட்டானாம். ஒப்பந்தம் முடியாம வெளிய போனா வாரண்டாம்."

"நான் என்ன செய்ய முடியும்?"

"உங்களுக்குத்தானே இங்கிலீசு தெரியும்?" என்றாள். "எனக்குத் தெரிஞ்ச பாஷையில நான் கேக்க வேண்டியதைக் கேட்டுட்டேன். உங்க பாஷையில நீங்க எழுதுங்க. எழுதலைன்னா நானும் எஸ்தரும் அடுத்த கப்பல்ல ஊருக்குப் போறோம்."

கடைத்தெருப் பாஷை என்று நான் இளக்காரமாகப் பேசினேனே, அதுதான் அக்கரைத் தோட்டத்துக் கதவைத் தட்டித் திறந்தது. என்னுடைய இங்கிலீஷ் அந்தக் கதவை வெளியிலிருந்து பூட்டிவிட்டு வந்திருந்தது. அன்றைக்கே உட்கார்ந்து மனு எழுதினேன். பெயர் தவறாக எழுதப்பட்டது, எழுதச் சொன்னவன் நான், அந்தப் பெண் மேல் ஒரு குற்றமும் இல்லை என்று எழுதினேன்.

6

பேச்சியை ஆபீசுக்கு வரவழைத்தார்கள். பெருமாள் கிழவரும் துணைக்கு வந்திருந்தார். எட்டு மாதத்தில் அவள் கையெல்லாம் கரும்புச் சோகை அறுத்த கோடுகள். கும்பிடவில்லை. நேராக வந்து நின்றாள்.

புருஷன் பெயரை அவள் வாயாலேயே சொன்னால்தான் ரிஜிஸ்தரைத் திருத்தமுடியும் என்றார் துரை. அவளிடம் அதைச் சொன்னேன்.

"அன்னைக்கே சொன்னேனே. நீங்கதான இங்கன நின்னிய?"

"ஆமா. நான்தான்."

"உங்களுக்கு எந்த ஊரு?"

"பாளையங்கோட்டை."

"சீமைக்காரன்னு நினைச்சேன்" என்றாள். "கடல் தாண்டி வந்து துரைகிட்ட இங்கிலீசு பேசுதிய. நாங்குநேரிச் சாமி பேரு தெரியலைன்னா, தெரியலைன்னு சொன்னா என்ன? ரெண்டு நாளு என்னை உக்கார வச்சிருந்தா எங்க ஊர்க்காரக முகாம்ல இருந்து வந்து சொல்லியிருப்பாகள்லா? அதுக்குள்ள உங்களுக்கு என்ன அவசரம்?"

அவள் என்ன சொல்கிறாள் என்று துரை கேட்டார். பத்து வருஷமாக நான் ஆட்கள் பேசுவதில் பாதியை விழுங்கிவிட்டு, துரைக்குப் பிடித்த மாதிரி மீதியைத்தான் சொல்லிவந்தேன். அன்றைக்கு ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். துரை என்னைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தார்.

பேச்சி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"வானமாமலை" என்றாள். சத்தம் ஆபீஸ் முழுக்கக் கேட்டது. "மேலப்பத்து ஊரு வானமாமலை. எழுதிக்கிடுங்க. இன்னொரு வாட்டி சொல்லணுமா? வானமாமலை."

பிறகு தரையில் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். கிழவர் பக்கத்தில் குந்தி, "அழுவாத கண்ணு, அழுவாத" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். எனக்கு மொழிபெயர்க்க ஒன்றும் இல்லை. அந்தப் பெயரைத் துரையே தமிழில் கேட்டு எழுதிக்கொண்டார்.

7

ரிஜிஸ்தரில் சிவப்பு மையால் திருத்தினார்கள். பேச்சியை விடுவித்துவிட்டார்கள். அவள் இப்போது என் வீட்டில் இருக்கிறாள். ஞானத்தோடு பேசுகிறாள், எஸ்தருக்கு ஞானம் அ, ஆ எழுதிக் காட்டும்போது கூட உட்கார்ந்து தானும் பழகுகிறாள். என்னோடு பேசுவதில்லை.

எனக்கு என்ன தண்டனை கிடைத்தது தெரியுமா ஐயா? மனுவின் இங்கிலீஷ் மிக நேர்த்தியாக இருப்பதாக மேலிடத்திலிருந்து குறிப்பு வந்தது. தலைமை மொழிபெயர்ப்பாளர் உத்தியோகம் எனக்கே கிடைத்தது. ஒரு பெண்ணின் வாழ்க்கையைக் கெடுத்தேன் என்று எழுதிக் கொடுத்தேன். நன்றாக எழுதியிருக்கிறாய் என்று கை குலுக்கினார்கள். பையன்களுக்கு இதையும் வாசித்துக் காட்டுங்கள்.

பேராக் தோட்டத்துக்கு எழுதிக் கேட்டேன். வானமாமலை ஒப்பந்தம் முடிந்து ஊருக்குப் போய்விட்டான் என்று பதில் வந்தது. உடனே மேலப்பத்துக்கு நடந்ததை எல்லாம் விவரமாக எழுதினேன். அங்கிருந்து பேச்சியின் தம்பி பதில் போட்டிருக்கிறான். 'அவ வரவே இல்லைன்னு ஆபீஸ்லயே சொல்லிட்டாக' என்று வானமாமலை ஊரில் போய்ச் சொல்லியிருக்கிறான். நாகப்பட்டினத்திலேயே எவனோடோ இறங்கிப் போய்விட்டாள் என்று ஊர் முடிவுகட்டிவிட்டது. கூடக் கப்பலில் வந்த ஊர்க்காரர்கள் முகாமிலிருந்து தோட்டங்களுக்குப் போய் இன்னும் ஒப்பந்தத்தில் கிடக்கிறார்கள், அங்கே அவளுக்குச் சாட்சி சொல்ல ஆள் இல்லை. என் கடிதத்தை அங்கே ஒருவரும் நம்பவில்லை. இப்படி ஒரு கதையை எழுதுகிறவன்தான் அவளை வைத்திருக்கிறவன் என்கிறார்களாம். தை மாதம் வானமாமலைக்கு மாமன் மகளைக் கட்டிவைக்கப் பேசி முடித்திருக்கிறார்கள்.

இது கார்த்திகை. அதனால்தான் உங்கள் கட்டுரைக்கு ஒப்புக்கொண்டேன். கடிதம் பொய் சொல்லும் என்கிறவர்கள் அச்சடித்த பத்திரிகையைக் கொஞ்சம் நின்று கேட்பார்கள். உங்கள் பத்திரிகையை வாங்கிப் படிக்கும் சேரன்மாதேவிச் சபை உபதேசியார் ஐயாவுக்கு என் வேண்டுகோள்: பத்திரிகை கைக்கு வந்த அன்றே வாய்க்கால் கரையோடு தெற்கே மேலப்பத்துக்குப் போங்கள். ஜெபக்கூட்டம் வைக்கவேண்டாம். அந்த ஊர்ச் சாவடியில் நின்று இந்தக் கடைசிப் பகுதியை மட்டும் உரக்க வாசியுங்கள்.

மேலப்பத்து வானமாமலைக்கு: நீ மூன்று தடவை வந்து கேட்டாய். மூன்று தடவையும் இல்லை என்று சொன்னவன் நான். அவள் வந்திருந்தாள். உன்னைத் தேடித்தான் வந்தாள். நீ என் மேஜைக்கு முன்னால் நின்ற இடத்துக்கும் அவள் கரும்பு வெட்டிய இடத்துக்கும் நடுவில் ஒரு தோணிப் பயணம்தான். அவள் எட்டு மாதம் ஒரு கிழவரின் மகளாக இருந்தாள். வேறு யாருக்கும் எதுவாகவும் இருக்கவில்லை. சந்தேகம் இருந்தால் என்னைக் கேள், என்னை அடிக்கவேண்டுமானால் வந்து அடி. அவளை ஒரு வார்த்தை கேட்காதே. மார்கழிக் கடைசியில் வரும் கப்பலில் அவளுக்கு இடம் வாங்கியிருக்கிறேன். பேச்சி வருகிறாள். நீ நாகப்பட்டினத்துக்குப் போய் நில்.